பெயர் அறியாதவரின் கண்ணும் எங்கள் வீட்டுத் துடக்கும்

கண்ணிலே நெல் தெறித்துவிட்டால் முதலில் செய்யத்தக்கது அதைக் கசக்காதிருத்தலாகும். இதனை நான் பின்னரே அறிந்தேன். தம்பலகாமத்திலே என் மனைவி பூரணத்துக்குச் சீதனமாக வந்த வயலில் நெற்கதிர்களைப் பரப்பிச் சூடு மிதித்துக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், உழவு இயந்திரத்தின் சில்லுக்கடியிலிருந்து தெறித்த நெல் ஒன்று என் வலக்கண்ணில் பட்டது. பட்ட மாத்திரத்தே கையால் கசக்கினேன். போதாதென்று தோளில் கிடந்த துவாயாலும் துடைத்தேன்.

வலக்கண் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். எனக்கு இருந்தது அந்த ஒரு கண்தான். மூதூருக்குக் கடல்வழியே ஓடிய பயணிகள் லோஞ்சு ஒன்றில் எஞ்சின் வேலை பழகிய இளவயதிலே, துருத் தட்டும்போது பறந்த இரும்புத்துண்டு இடக்கண்ணுக்குள் புகுந்து அதை முடித்துவிட்டது. அதன்பின் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியதும், பூரணத்தைப் பெண் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் தவறவிட்ட படிப்பைப் பழைய பத்திரிகைகளிலும் இரவல் நூல்களிலும் தேடிக்கொண்டதும் எல்லாம் வலக்கண் ஒன்றின் உதவியாலேயே. ஆகவே அந்த நெல் எதைக் குத்தியது என்பதை வாசிப்பவர்கள் உணர்ந்துகொள்வார்கள்.

இச்சிகிச்சை என்னவென்று அறியாமல் அஞ்சியிருப்போருக்குப் பயன்படுமென்று கருதியே இதனை எழுதுகிறேன். இதில் சில விடயங்கள் எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. தெளியாதவற்றைத் தெளிந்தவைபோல் எழுதுவது முறையன்று என்பதால் அவற்றை உள்ளபடியே விட்டிருக்கிறேன்.

நெல் பட்ட மறுநாள் கண்டி வீதியில் ஏதோ அசம்பாவிதம். கப்பல்துறைக்கு இப்பால் ஒரு வாகனத்தையும் விடவில்லை. நாங்கள் தம்பலகாமத்திலேயே அகப்பட்டுக்கொண்டோம். அயலிலே பிள்ளை பெற்றிருந்த ஒரு பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி வந்து பூரணம் கண்ணில் விட்டாள். பால் விட்டபோது குளிர்ச்சியாக இருந்தது. பால் விடாதபோது கண்ணுக்குள் மணல் அரைபட்டது. பாதை திறந்து திருகோணமலை நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது என் எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பது குரலைக் கேட்டே தெரிந்தது.

குரல் ஒரு பெண்ணுடையது. அந்த யுத்த வருடங்களில் எங்கள் ஊரை விட்டுப் போகாமல் பணிசெய்த கண் டொக்டர் அவர். வயதில் என் மகள் எனலாம். கருவியின் முன் என் நாடியையும் நெற்றியையும் பொருத்திவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, நெல்லுக் குத்தின கண்ணில பங்கசு வளரும். பழைய பாண் துண்டில பூஞ்சணம் பூக்குமே, அது மாதிரி. உங்கட கண்ணில இப்ப அதுதான் பூத்திருக்கு."

"அப்ப கண்ணுக்க தோட்டம் போட்டாச்சு எண்டுறியள்."

"ஓம். இனி நான் களை புடுங்க வேணும். நீங்கள் கை வையாமல் இருந்தாப் போதும்."

களை பிடுங்கப் பல வாரங்கள் சென்றன. புண் ஆறியது, ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. டொக்டர் அதை எனக்கு விளக்கிய விதத்தையே இங்கு எழுதுகிறேன். கண்ணின் கருமைக்கு முன்னால் கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கின்றது. அதைக் கோர்னியா என்பார்கள். முள்ளும் எண்களும் பழுதில்லாமல் இருந்தாலும் மேற்கண்ணாடி பால்நிறமாகிவிட்டால் நேரம் பார்க்க முடியாது. என் கண்ணின் நிலை அதுவே. கண்ணாடியை மாற்ற வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடியை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய ஏலாது. இறந்த ஒருவரின் கண்ணிலிருந்தே எடுக்க வேண்டும்.

"செத்த ஆளின்ரயோ?" என்று பூரணம் கேட்டாள்.

"ஓம் அம்மா. உயிரோட இருக்கிற ஆளிட்டக் கேக்கேலாதே."

இரத்தப் பிரிவு பொருந்த வேண்டாமா என்று கேட்டேன். அந்தப் படலத்தில் இரத்தக் குழாயே கிடையாதாம். கண்ணீரையும் உள்ளிருக்கும் நீரையும் உண்டு அது உயிர்வாழ்கின்றதாம். எனவே எவருடையதையும் எவருக்கும் வைக்கலாம் என்றார். எவருடையதையும் எவருக்கும் என்ற சொற்கள் அன்றைய எங்கள் மாவட்டத்தில் வேறெந்த விடயத்துக்கும் பொருந்தாதவை. ஆதலால் அவை என் மனதில் நின்றன.

தழும்பு மேலோடு மட்டும் இருந்தால் மேற்படையைச் சீவி எடுத்துவிட்டு அந்த அளவுக்கு ஒரு படையை ஒட்டும் முறையும் உண்டென்றார். என் தழும்பு அடிவரை இறங்கியிருந்தபடியால் முழுத் தடிப்பையும் வெட்டியெடுத்தே ஆகவேண்டும். அதற்கு ஒரு வட்டக் கத்தி இருக்கின்றது. எஞ்சினுக்குக் காஸ்கெட் வெட்டும் வட்ட உளியை நான் அவருக்குக் கைகளால் வரைந்து காட்டினேன். "அதுதான் ஐயா, அதின்ர தங்கச்சி" என்று சிரித்தார். வைக்கும் துண்டைத் துளையைவிடச் சிறிதளவு பெரிதாக வெட்டுவார்களாம். தலைமயிரிலும் மெல்லிய நூலால் சுற்றிவரத் தைப்பார்களாம். நூல் ஒரு வருடத்துக்கு மேலும் கண்ணிலே இருக்குமாம்.

இவ்வளவும் விளங்கியது. எப்போது என்பதே விளங்கவில்லை. இந்நாட்டிலே கண் கொடுப்போருக்குக் குறைவில்லை. பௌத்தர்கள் அதைப் பெரும் தானமாகக் கருதி, இறந்தபின் கண்ணைக் கொடுக்கும்படி உறவினரிடம் சொல்லிவைப்பார்கள். பிறநாடுகளுக்கும் இங்கிருந்து கண்கள் போகின்றன. ஆனால் கண்கள் இருந்த இடம் கொழும்பு, காத்திருந்த நாங்கள் திருகோணமலை, இடையிலே பாதை. இறந்து சில மணித்தியாலங்களுக்குள் எடுத்து, மருந்து நீரில் அமிழ்த்தி, குளிரில் வைத்தாலும் அது சில நாட்களே தாங்கும். பாதை திறப்பதற்கும் மூடுவதற்கும் அந்தக் கணக்குத் தெரியாது.

வாட்டிலே எனக்கு அடுத்த கட்டிலில் குணதாச என்ற கந்தளாய் விவசாயி இருந்தான். அவனுக்கும் என்னைப்போலவே நெல். அவன் தமிழ் பாதி, என் துறைமுகச் சிங்களம் பாதி. இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் பாஷை ஆக்கிக்கொண்டோம். ஒரு நாள் காலை எங்கள் இருவரையும் ஒன்றும் உண்ணவேண்டாமென்று மிஸ்ஸி, அதாவது தாதி, சொல்லிவிட்டுப் போனாள். கண் வருகின்றதாம். மதியமானது. மாலையானது. கொழும்பிலிருந்து வரும் பாதை ஹபரணைக்கு இப்பால் மூடப்பட்டதென்றும், கண் வைத்த பெட்டி அங்கேயே நிற்கின்றதென்றும் சொன்னார்கள். மறுநாளும் மூடியிருந்தது. அதற்கடுத்த நாள் டொக்டர் வந்து, இனி அந்தக் கண் உதவாது என்றார்.

குணதாச கட்டிலில் எழுந்திருந்தான். "பாவம் அண்ணே. அந்த மனுசன் குடுத்தது. நாங்க எடுக்கல்ல."

கண் கிடைக்கவில்லையே என்பதைவிட அது வீணாயிற்றே என்பது ஏன் எங்களை அதிகம் வருத்தியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகம் அறியாத ஒருவர் தெருவோரத்தில் இரண்டாம் முறை இறந்தது போலிருந்தது.

மறுமுறை கண் வந்தது பஸ்ஸிலே. விடுமுறை முடிந்து திரும்பிய ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் குளிர் காக்கும் றெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பொதிகளை அவிழ்க்கச் சொன்னார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்ன சிப்பாயிடம் இவர் விடயத்தைச் சொல்லியிருக்கிறார். யாருடையது என்று அவன் கேட்டானாம். தெரியாது என்றாராம். அவன் பெட்டியைத் தொடாமல் இவரை மாத்திரம் திரும்ப ஏற்றிவிட்டு, ஏனையோரின் பொதிகளைச் சோதித்தானாம். அப்பெட்டியில் இருந்தவை ஒரே ஆளின் இரு கண்களும். வலம் எனக்கு, இடம் குணதாசவுக்கு.

"அண்ணே, ஒரு ஆள். ஒண்டு நீங்க, ஒண்டு நான்" என்று அவன் விரல்களைக் காட்டினான். "இப்ப நாங்க சொந்தம்."

"ஆர் மூத்தவன்?"

"முதல்ல தியேட்டருக்குப் போறவன்."

நானே முதலில் போனேன். கண்ணின் ஓரத்தில் ஊசி போட்டார்கள். வலி அடங்கியது, வெளிச்சமும் அடங்கியது. இருமக்கூடாது, அசையக்கூடாது என்பதே கட்டளை. பழைய படலத்தை எடுத்துப் புதியதை வைக்கும்வரை உள்ள பொழுதே ஆபத்தானது. அப்போது கண் கூரையில்லாத வீடுபோல் திறந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் வெடி கேட்டது. நீருக்கடியில் நீந்தி வருவோரை அச்சுறுத்தக் கடற்படையினர் அவ்வப்போது தண்ணீருக்குள் வெடி போடுவது வழக்கம். யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. டொக்டரின் கை நின்றது.

"ஐயா, துள்ளேல்லத்தானே?"

"லோஞ்சில எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு வளர்ந்தனான். நீங்கள் தையுங்கோ."

"கதைக்காதேங்கோ."

ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையில் எத்தனை தையல் போட்டார் என்று நான் அறியேன். மறுநாள் கட்டவிழ்த்தபோது மஞ்சளாக ஏதோ அசைந்தது. எத்தனை விரல் என்று கேட்டார். விரல் என்று அவர் சொன்னபின்பே அது விரலென்று எனக்குத் தெரிந்தது. பார்ப்பது வேறு, பார்த்தது இன்னதென்று அறிவது வேறு என்பதை அன்று கண்டேன். மூன்று என்றேன். சரியாக இருந்தது.

அந்தக் கண் யாருடையது என்று டொக்டரிடம் கேட்டேன். அது சொல்லும் வழக்கமில்லை என்றார், தமக்கும் தெரியாதென்றார். ஆணா, பெண்ணா, முதியவரா, சிப்பாயா, பிரசவத்தில் இறந்த பெண்ணா என்று படுத்திருந்து நினைத்தேன். ஒவ்வொருவராக நினைக்கும்போது ஒவ்வொரு விதமாக இருந்தது. எல்லாம் ஒரே கண்ணைக் கொண்டு நினைத்தவை.

சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலையில் தண்ணீர் படக்கூடாது. குனியக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. வேளை தவறாமல் துளிமருந்து விடவேண்டும். கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே வரவேண்டும். இவற்றை டொக்டர் பூரணத்தை ஒருமுறை திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

ஓட்டோவில் எங்கள் கடலோரத் தெருவுக்கு வந்து இறங்கினோம். வேலிப் படலையின் உட்புறத்திலே ஒரு வாளி தண்ணீருடன் மச்சாள் நின்றுகொண்டிருந்தார்.

மச்சாள் என்றது பூரணத்தின் தமக்கை நாகம்மாவை. எங்கள் வளவிலேயே அடுத்த வீட்டில் தனியே வசிப்பவர். சட்டை தைத்துச் சீவிக்கிறவர். கணவர் முன்பே காலமானவர். ஒரே மகனைச் சில வருடங்களுக்கு முன் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை, அவனைப்பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

"மச்சான், அதில நில்லுங்கோ. முழுகிப்போட்டு உள்ள வாங்கோ" என்றார்.

"அக்கா, தலையில தண்ணி படக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவ" என்றாள் பூரணம்.

"டொக்டருக்குத் துடக்குத் தெரியுமே? செத்தவீட்டுக்குப் போய் எட்டி நிண்டு பாத்திட்டு வந்தாலும் முழுகிறம். இவர் செத்த ஆளை முகத்திலயே கொண்டு வாறார்."

தெருவால் சென்ற இருவர் நின்று கவனித்தார்கள். மச்சாள் சொன்னது பிழையென்று எனக்குத் தோன்றவில்லை. டொக்டர் சொன்னதும் பிழையென்று தோன்றவில்லை. வாளி என் தலைக்கு நேரே உயர்ந்தது. அந்தத் தண்ணீர் புதுத் தையலில் பட்டிருந்தால் இதனை எழுத நான் வேறொருவரை அமர்த்த வேண்டியிருந்திருக்கும்.

பூரணம் வாளியை வாங்கினாள். உடுத்த சீலையோடு தன் தலையில் முழுவதையும் ஊற்றினாள். "அவருக்காக நான் முழுகியாச்சு. புருசனுக்குப் பெண்சாதி விரதம் பிடிக்கலாமெண்டா இதும் செல்லும். இனி வழியை விடுங்கோ" என்று நனைந்த கையால் என்னைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

மச்சாள் அதை மறுக்கவில்லை. ஆனால் இறப்புத் தீட்டான துடக்கை முப்பத்தொரு நாள் காக்கவேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். கோயிலுக்குப் போகக்கூடாது. மச்சம் மாமிசம் காய்ச்சக்கூடாது. முன்னறையில் பெயரில்லாத ஒருவருக்காக விளக்கு எரிந்தது. காலையும் மாலையும் சாம்பிராணி புகைந்தது. தம் மகனுக்கு ஒரு நாளும் விளக்கு வைக்க விடாதவர், நாங்கள் அப்படி ஒரு சொல் எடுத்தாலே எழுந்து போய்விடுபவர், இதற்கு மட்டும் ஏன் இத்தனை பிடிவாதமாய் நின்றார் என்று பூரணமும் நானும் பேசிக்கொண்டோம். விடை காணவில்லை.

எங்கள் வீட்டில் துடக்கு என்ற செய்தி பரவியது. நான் ஆஸ்பத்திரியில் இருந்ததும் ஊருக்குத் தெரியும். ஊரார் இரண்டையும் கூட்டிக்கொண்டார்கள். என்னோடு லோஞ்சில் வேலை செய்த கந்தப்பர் சல்லிக் கிராமத்திலிருந்து வந்து, படலையடியிலேயே பூரணத்தின் கைகளைப் பிடித்து அழத் தொடங்கினார்.

"தங்கச்சி, என்ன வயசு அந்த மனுசனுக்கு! எஞ்சின் மாதிரி ஆள். ஒரு சொல்லு அறிவிக்கேல்லையே!"

"கந்தப்பர், கதிரையைக் கொண்டந்து இதில போட்டிட்டு ஆறுதலா அழுங்கோ" என்று நான் உள்ளிருந்து சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மீண்டும் என்னைப் பார்த்தார். "அப்ப செத்தது ஆர்?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கோ துடக்கு?"

"அந்த ஆளின்ர கண் என்ர முகத்தில இருக்கு."

"அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆருக்கு அழுதனான்?"

கந்தப்பர் தேநீர் குடித்தார். செத்தவீட்டு வழக்கப்படி போய்வருகிறேன் என்று சொல்லாமலே எழுந்து போனார். போகும்போது, யாருக்கோ அழுதேனே என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அந்நாட்களில் பார்வை நாளுக்கொரு விதமாக இருந்தது. காலையில் யன்னல் கம்பிகள் தெரியும், மாலையில் தெரியா. ஒரு நாள் கண் சிவந்தது. சாம்பிராணிப் புகை என்றாள் பூரணம். நானும் அப்படியே எண்ணினேன். மறுநாள் வெளிச்சம் கூசியது. புகையைக் குறைத்தோம். துடக்கு வீட்டுக்காரர் பிறர் வாசலுக்குப் போவது அழகன்று என்ற எண்ணமும் எங்களைப் பிடித்து வைத்திருந்தது. மூன்றாம் நாள் காலை யன்னலே தெரியவில்லை. பனி மூடிய துறைமுகத்தைப்போல எல்லாம் ஒரே வெண்மை. குத்துப்பட்டபின் இருந்த அதே வெண்மை.

"முழுகாமல் வந்த குற்றம்" என்றார் மச்சாள். முற்றத்தில் நின்றே சொன்னார். துடக்குத் தொடங்கியபின் வீட்டுக்குள் அவர் வருவதில்லை.

பூரணம் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சாவடியில் நின்ற சிப்பாய் என் கண்ணுக்குப் போட்டிருந்த மூடியைக் கழற்றச் சொன்னான். கழற்றியதும் போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

டொக்டர் பார்த்தார். அவர் குரலில் இருந்த பகிடி காணாமற் போயிற்று.

"எத்தினை நாளாச் சிவப்பு? நான் என்ன சொல்லி விட்டனான்?"

"துடக்கு வீடு டொக்டர். அதால..."

"ஆஸ்பத்திரிக்கு என்ன துடக்கு ஐயா? இஞ்ச நாங்கள் துடக்குக்குள்ளயே இருக்கிறம்." பின்னர் தணிந்து விளக்கினார். எவருடையதையும் வைக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் சில வேளை உடம்பு விழித்துக்கொண்டு, இது என்னுடையதன்று என்று கண்டுபிடித்துவிடும். உடனே இரத்தம் தன் ஆட்களை அனுப்பி வெளியேற்றப் பார்க்கும். படலம் வீங்கி வெண்மையாகும். முந்திக்கொண்டால் மருந்தால் அடக்கலாம், பிந்தினால் இல்லை. "உங்களுக்கு நான் இப்ப கண் இருக்குதெண்டும் சொல்லேலாது, போச்செண்டும் சொல்லேலாது."

ஊசி ஒன்று போட்டார். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் துளிமருந்து விடவேண்டுமென்றார். வாட்டிலே தரையிலும் காயப்பட்டோர் கிடந்தார்கள். எனக்குக் கட்டில் இருக்கவில்லை. பூரணத்தை ஒரு தரம் விட்டுக் காட்டச் சொன்னார். அவளுக்குக் கை நடுக்கம். துளி கன்னத்தில் விழுந்தது. இன்னொன்று மூக்கில் விழுந்தது.

"அம்மா, இவ்வளவு நாளும் கன்னத்துக்குத்தான் வைத்தியம் பாத்திருக்கிறியள். வேற ஆரும் இல்லையே வீட்டில?"

வளவில் இருந்த வேறு ஆள் ஒருவர்தான். பூரணம் அன்று முற்றத்தில் நின்று தமக்கையோடு என்ன கதைத்தாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவள் குரல் மட்டும் நெடுநேரம் கேட்டது. பின்பு வாசற்படியில் ஒரு காலடி. மச்சாள் உள்ளே வந்தார்.

ஊசிக்கு நூல் கோர்க்கிற கை. என் கீழிமையை இரு விரலால் இறக்கி, துளியை நடுவிலே வைத்தார். கன்னத்தில் ஈரமே இல்லை. பிறகு நேரே கிணற்றடிக்குப் போய் முழுகினார். வாளி விழுந்து எழும் சத்தம் கேட்டது. ஒரு மணித்தியாலம் கழித்து ஈரத்தலையோடு வந்தார், மருந்து விட்டார், மீண்டும் போய் முழுகினார். பகல் முழுவதும் இப்படியே நடந்தது. செத்த ஆளைத் தொட்டால் முழுக வேண்டும். தொடாவிட்டால் கண் போய்விடும். இரண்டையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பொழுதுபடும்போது தும்மத் தொடங்கினார்.

"அக்கா, நீ காய்ச்சல் வந்து படுத்தா ஆர் இவருக்கு மருந்து விடுறது? ரெண்டு செத்தவீடு பாக்கேலாது எனக்கு."

"வாயை மூடு" என்றார். ஆனால் அன்றிரவு முழுக்கு, கைகால் கழுவுதலாகக் குறைந்தது.

மறுநாள் அவர் துளிக்கு முன் சற்றுத் தாமதித்தார். மூச்சு என் முகத்தில் பட்டது. கண்ணை உற்றுப் பார்க்கிறார் என்று உணர்ந்தேன்.

"மச்சான், இதார் தைச்சது?"

"டொக்டர் அம்மா."

"நட்சத்திரம் மாதிரி ஒரே அளவில இழுத்திருக்கிறா. ஒரு தையலும் மற்றதில ஏறேல்ல. நல்ல கை." துளியை விட்டார். "இவ்வளவு பாடுபட்டுத் தைச்சதைப் பிரிய விடலாமே."

அதன்பின் அவர் கிணற்றடிக்குப் போனாரா என்று காதைக் கொடுத்தேன். முடிவாகச் சொல்ல முடியவில்லை. கடலிலே வெடி போட்டார்கள். அதற்கடுத்த நாளிலிருந்து வாளியின் சத்தமே இல்லை. அவர் என் கதிரைக்கு அருகிலேயே பாயைப் போட்டு, தைக்க வந்த சட்டைகளுக்குத் தெறி, அதாவது பொத்தான், தைத்துக்கொண்டு மணியைப் பார்த்திருந்தார். மருந்து விடும்போது, "ராசா, இப்பிடிக் கொஞ்சம் மேல பார்" என்றார்.

மச்சாள் என்னை ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை. ராசா என்றும் சொன்னதில்லை. அச்சொல்லை அவர் எவரைப் பார்த்தும் சொல்லிப் பல வருடங்கள். அவர் கதைத்தது என்னோடன்று என்று விளங்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் எடுத்தது. "நில்லு, போகாத. இஞ்ச ஒருத்தரும் உன்னைக் கலைக்கமாட்டினம்" என்றும் ஒருமுறை சொன்னார். எவருக்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பூரணம் அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

வெண்மை ஒரே நாளில் விலகவில்லை. ஒரு காலை யன்னல் இருக்கும் இடம் தெரிந்தது. பிறிதொரு காலை கம்பிகள். தெளிந்ததோ, தெளிந்ததென்று நான் ஆசைப்பட்டேனோ என்ற ஐயத்தில் எவரிடமும் சொல்லாதிருந்தேன். ஒரு பின்னேரம் மச்சாள் இமையை இறக்கக் குனிந்தபோது அவருடைய சீலைக்கரை ஓரிடத்தில் கிழிந்து நூல் தொங்குவதைக் கண்டேன்.

"மச்சாள், ஊருக்கெல்லாம் தைக்கிறியள். உங்கட சீலைக்கரை கிழிஞ்சு கிடக்கு."

அவர் கை அந்தரத்தில் நின்றது. கரையைப் பிடித்துப் பார்த்தார். பின்பு என் கண்ணைப் பார்த்தார். நான் அவர் முகத்தை அவ்வளவு அண்மையில் முன்னர் கண்டதில்லை. அவர் விட்ட துளி முதன்முறையாகத் தவறிக் கன்னத்தில் விழுந்தது.

முப்பத்தோராம் நாள் காலை ஐயர் மிதிவண்டியில் வந்தார். துடக்குக் கழிக்க அவரை முன்கூட்டியே வரச் சொல்லிவைத்தவர் மச்சாள்தான். மச்சாளே படலைக்குப் போனார், படலையைத் திறக்கவில்லை. நான் உள்ளே கதிரையிலிருந்தேன்.

"வரச் சொன்னியளே அம்மா?"

"ஓம் ஐயா, சொன்னனான். குறை நினைக்காதேங்கோ, வீணா வெயிலுக்க வரப்பண்ணிப்போட்டன். இஞ்ச ஒருத்தரும் சாகேல்ல."

"உங்கட மச்சானுக்கு வைச்ச கண்... அந்த ஆள்?"

"அந்த ஆள்தான் ஐயா. என்ர சீலை கிழிஞ்சிருக்கெண்டு பாத்துச் சொன்னது. செத்த ஆள் அதெல்லாம் பாக்குமே?"

ஐயர் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். என்ன நினைத்தாரோ அறியேன். பின்னர் மிதிவண்டியைத் திருப்பினார். பின்சில்லின் கம்பிகள் சுழல்வது தெரு வளையும் இடம்வரை எனக்குத் தெரிந்தது. அதற்கப்பால் மங்கலாயிற்று.